அம்மாவை விட்டுட்டுப் போற காடு எங்களுக்கு வேணாம்

 

போன வெள்ளிக்கிழமை அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கும்போது ஐந்தாறு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க. "அண்ணே, ஆப்பிரிக்கா போயிட்டு வந்தீங்களாமே? சின்னப் பிள்ளைங்களோட போகலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்ல முடியல. அதனால மொத்தமா எழுதிடலாம்னு வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து பேசி எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம். நாங்கள் பணக்காரங்க இல்லை. ஃபாக்டரியில சிப்டு பார்த்து, ஓ.டி. காசைத் தனியா ஒரு கணக்குல போட்டு, நாலு வருஷம் சேர்த்த பணம். மகனும் பாதி போட்டான். அப்படிச் சேர்த்த காசு என்பதால்தான் இந்தத் திட்டத்துல நாங்கள் செஞ்ச தப்பையும் மறைக்காம எழுதுறோம்.

ஆசை வந்தது எங்கள் அம்மாவுக்கு. வயசு 74. தோட்டத்துல பால் மரம் வெட்டினவங்க. அந்தக் காலத்துல ராத்திரி காட்டு யானை லயத்துப் பக்கம் வந்துட்டா, எல்லாரும் தகரத்தைத் தட்டி விரட்டுவாங்களாம். "சத்தம்தான் கேட்டேன். பயத்துல கதவைத் திறந்து பார்க்கவே இல்ல"ன்னு அம்மா அடிக்கடி சொல்வாங்க. கோலா கண்டாவுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போனோம். சந்தோஷமா பார்த்தாங்க. ஆனா காடியில வரும்போது, "இது மனுஷனோட பழகின யானைப்பா. அது தன் பாட்டுக்குக் கூட்டமா நடந்து போறத ஒரு தடவை பார்க்கணும்"னு சொன்னாங்க. பேரனுக்கு 9 வயசு, பேத்திக்கு 4. பேரன் உடனே, "அப்போ ஆப்பிரிக்கா போகணும் பாட்டி"ன்னான். அங்க ஆரம்பிச்சது.

முதல்ல போட்ட திட்டம் கென்யா. மசாய் மாரா காட்டுல ஜூலையில இருந்து அக்டோபர் வரைக்கும் லட்சக்கணக்கான காட்டு மாடுகள் கூட்டமா ஆறு தாண்டும். டிவியில எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்த வருஷம் நமக்கு செப்டம்பர்ல பள்ளி விடுமுறை ஒரு வாரம் வந்தது. சரியா பொருந்துதேன்னு ஒரு ஏஜெண்ட்கிட்ட ஏழு பேருக்கு 3,000 வெள்ளி முன்பணம் கட்டிட்டோம். அவர் கொடுத்த தாள்ல 'குடும்பத்துக்கு ஏற்ற லாட்ஜ்'னு பெரிசா போட்டிருந்தது. நீச்சல் குளம், பிள்ளைங்க சிரிக்கிற படம் எல்லாம் இருந்தது. நாங்கள் படத்தைப் பார்த்தோம், சின்ன எழுத்தைப் படிக்கல.

ஃபாக்டரியில புது மெஷின் வந்தா, வேலை விதிகளை முழுசா படிச்சு கையெழுத்து போடாம ஒருத்தரையும் பட்டனைத் தொட விட மாட்டோம். அப்படிப்பட்ட நாங்கள் இங்க கண்ணை மூடிக் கையெழுத்து போட்டுட்டோம்.

பிறகுதான் இரண்டு விஷயம் தெரிஞ்சது.

ஒன்று, அந்த லாட்ஜ்ல 6 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைங்களை மிருகம் பார்க்கப் போற வண்டியில ஏத்த மாட்டாங்க. திறந்த வண்டி. பிள்ளை திடீர்னு அழுதா, எழுந்து நின்னா ஆபத்து. அவங்க விதியில நியாயம் இருக்கு. ஆனா பேத்தியோட ஒருத்தர் தினமும் ரூம்லயே இருக்கணும். அதுக்கா அவ்வளவு தூரம் போறது?

இரண்டாவதுதான் பெரிசு. மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யா அந்த நோய் உள்ள நாடுகள் பட்டியல்ல இருக்கு. அங்கிருந்து மலேசியா திரும்பும்போது ஊசி போட்ட சான்றிதழ் காட்டணும். ஒரு தடவை போட்டா ஆயுள் முழுக்க செல்லும். ஆனா போட்டு 10 நாள் கழிச்சுத்தான் செல்லுபடியாகும். சரி போடலாம்னு கிளினிக் போனோம். டாக்டர் எங்களுக்குப் போடலாம்னு சொல்லிட்டு அம்மாவைப் பார்த்து நிறுத்திட்டார். 60 வயசுக்கு மேல முதல் தடவையா இந்த ஊசி போடுறவங்களுக்கு, அபூர்வமா என்றாலும், கடுமையான பக்கவிளைவு வர வாய்ப்பு கூடுதலாம். "சுற்றுலாவுக்காக இவங்களுக்குப் போடச் சொல்ல எனக்கு மனசு வரல"ன்னார். விலக்குக் கடிதம் வாங்கலாம். ஆனா பாதுகாப்பு இல்லாம நோய் உள்ள இடத்துக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போறது சரியான்னும் கேட்டார்.

கிளினிக் வாசல்ல அம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. "நீங்க போயிட்டு வாங்கய்யா. நான் தங்கச்சி வீட்டுல இருக்கேன். என்னால பிள்ளைங்க ஆசை கெட வேணாம்." மகன் அவசரத்துல, "பாட்டிக்கு வீடியோ கால்ல காட்டிடலாம்பா"ன்னுட்டான்.

உண்மையைச் சொல்லணும். அன்னைக்கு ராத்திரி நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். 3,000 வெள்ளி போயிடுமே, அம்மாவே சம்மதிச்சுட்டாங்களே என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கிட்டோம். மறுநாள் காலையில பார்த்தா, அம்மா சாமி அறையில ஒட்டி வச்சிருந்த யானைக் கூட்டம் படத்தை எடுத்துட்டாங்க. பேரன் காலண்டர்ல இருந்து கிழிச்சுக் கொடுத்தது அது. யாரும் ஒண்ணும் கேட்கல. அவங்களும் சொல்லல. எங்களுக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்கல. ஆசைப்பட்டவங்களை விட்டுட்டு அவங்க ஆசையைப் பார்க்கப் போறது என்ன நியாயம்?

ஏஜெண்ட்கிட்ட ரத்து செஞ்சோம். 1,000 வெள்ளிதான் திரும்பி வந்தது. 2,000 வெள்ளி நாங்கள் படிச்ச பாடத்துக்குக் கட்டிய ஃபீஸ்.

அதுக்கப்புறம் நாங்களே உட்கார்ந்து தேடினோம். தென்னாப்பிரிக்காவுக்கு மஞ்சள் காய்ச்சல் தொல்லை இல்லை. அந்த நாட்டுக்குள்ள மலேரியாவே இல்லாத காடுகளும் இருக்கு. ஜொகானஸ்பர்க் பக்கம் பிலானஸ்பர்க், போட்ஸ்வானா எல்லையில மாடிக்வே, தெற்குக் கரைப் பக்கம் அட்டோ யானைப் பூங்கா. சின்னப் பிள்ளை உள்ளவங்களுக்கு இந்த மூணு பேரையும் எழுதி வச்சுக்கச் சொல்லுவோம். பேர் பெற்ற குரூகர் பூங்கா மலேரியா உள்ள பகுதி. அங்க போறதா இருந்தா மாத்திரை பற்றி டாக்டர்கிட்ட கேட்கணும்.

நாங்கள் எடுத்தது குவாசூலு-நட்டால் மாநிலத்துல இருக்கிற ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி. வாயில நுழைய எங்களுக்கு ஒரு வாரம் ஆச்சு. 1895-ல் பாதுகாத்த காடு, ஆப்பிரிக்காவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. மலேரியா அபாயம் குறைவு. அதையும் டாக்டர்கிட்ட காட்டி, அவர் சொன்னபடி கொசு மருந்து, சாயங்காலம் முழுக்கைச் சட்டை என்று போனோம். டர்பன் நகரத்துல இருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில மூணு, மூணரை மணி நேரம். நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டுறாங்க. மகனே வேன் ஓட்டினான்.

இந்தத் தடவை பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேள்விகளை ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டோம். உங்களுக்கும் உதவும்.

முதல் கேள்வி: எத்தனை வயசுப் பிள்ளையை வண்டியில ஏத்துவீங்க? 'குடும்பத்துக்கு ஏற்றது' என்ற வார்த்தையை நம்பாதீங்க. வயசை எண்ணுல கேளுங்க. சில இடம் 6, சில இடம் 12. நடந்து போய் மிருகம் பார்க்கிறதுக்கு வயசு வரம்பு இன்னும் கூடும்.

இரண்டாவது: சொந்த வண்டியில உள்ளே போகலாமா? இதுதான் எங்களைக் காப்பாத்தின கேள்வி. இந்தக் காட்டுல நம்ம வண்டியிலேயே சுற்றலாம். மூடின வண்டி என்பதால 4 வயசு பேத்தியும் வரலாம். பாட்டிக்கு முட்டி வலிச்சா நினைச்ச நேரம் திரும்பலாம்.

மூணாவது: வாடகையில என்னென்ன அடங்கும்? தனியார் லாட்ஜ்ல ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க. அதுல பெரும்பாலும் மூணு வேளைச் சாப்பாடும் இரண்டு தடவை காட்டுச் சவாரியும் சேர்ந்திருக்கும். அரசு நடத்துற முகாம்ல அறை மட்டும்தான். காட்டுக் கட்டணம் ஆளுக்குத் தினமும் தனியா வரும். இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் எது மலிவுன்னு முடிவு செய்யணும். ஏழு பேருக்கு எங்களுக்கு அரசு முகாம் பாதிக்கும் குறைவா வந்தது.

நாலாவது: சமையல் இடம் இருக்கா?

ஐந்தாவது: சுற்றி வேலி இருக்கா, அறைக்கும் உணவகத்துக்கும் எவ்வளவு தூரம், எத்தனை படிக்கட்டு? அதே காட்டுல இம்ஃபிலா என்ற முகாம் வேலி இல்லாதது. கழுதைப்புலி ராத்திரி உள்ளேயே நடமாடும். வாலிபப் பிள்ளைங்களுக்கு அது ஒரு அனுபவம். பேத்திக்கும் பாட்டிக்கும் வேணாம். நாங்கள் ஹில்டாப் முகாம்ல சமையலறையோட வீடு எடுத்தோம். எங்க தங்கினாலும் இருட்டின பிறகு பிள்ளைங்க பெரியவங்க கையைப் பிடிக்காம வாசல் தாண்டக் கூடாதுன்னு நாங்களே ஒரு விதி போட்டுக்கிட்டோம்.

விமான டிக்கெட்லயும் ஒரு கண்ணி இருக்கு. மலிவா கிடைக்கிற சில டிக்கெட் அடிஸ் அபாபா, நைரோபி வழியா போகும். அந்த நாடுகள் மஞ்சள் காய்ச்சல் பட்டியல்ல இருக்கு. அங்க 12 மணி நேரத்துக்கு மேல விமான நிலையத்துல காத்திருந்தா, போற இடத்துலயும் நம்ம ஊர்லயும் சான்றிதழ் கேட்பாங்க. வீட்டைச் சுற்றி வந்து அதே பள்ளத்துல விழுந்த கதையாயிடும். அதனால வளைகுடா வழியா டிக்கெட் போட்டோம். பிள்ளைங்களோட பிறப்புச் சான்றிதழையும் கையிலேயே வச்சுக்கிட்டோம்.

இன்னொரு சின்ன விஷயம். ரைஸ் குக்கர் கொண்டு போறவங்களுக்கு. அங்க பிளக் பாயிண்ட் பெரிய உருண்டைப் பின் மூணு உள்ளது. நம்ம வீட்டுல ஏர்கோன்க்குப் போடுற 15 ஆம்பியர் பிளக்கே அது. நம்ம ஹார்ட்வேர் கடையிலேயே தேடலாம்.

இப்போ சாப்பாட்டுக்கு வர்றோம். பயணத்தின் நடுவுல புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டுல மாசம் முழுக்க சைவம். அந்த ஊர்ல நெருப்புல இறைச்சி சுடுறதுதான் விருந்து. ஆனா டர்பன்ல கவலையே இல்லை. அரிசி, பருப்பு, காய்கறி, கறிவேப்பிலை எல்லாம் வாங்கிக்கிட்டுத்தான் காட்டுக்குப் போனோம். உள்ளே இருக்கிற கடை சின்னது. அதை நம்பிப் போகாதீங்க.

புரட்டாசி பிறந்த அன்னைக்கு அதிகாலையில சாம்பார், பாயசம் வச்சு, வாழைப்பழம் ஒரு சீப்பு எடுத்து வச்சு, பெருமாளுக்குப் படைக்கத் தயார் செஞ்சோம். ஊதுவத்தி எடுக்கத் திரும்பின நேரம் ஜன்னல் வழியா குரங்கு உள்ளே வந்து சீப்போட தூக்கிட்டுப் போயிடுச்சு. பத்துமலை குரங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி போல. அம்மா, "அனுமார் முதல்ல வாங்கிக்கிட்டார், விடுங்க"ன்னாங்க. ஜன்னலை மூடி வைங்கன்னு வந்த அன்னைக்கே சொல்லி இருந்தாங்க. கேட்காதது நாங்கள்.

காட்டுக்குள்ள வேகம் 40-க்கு மேல போகக் கூடாது. வண்டியை விட்டு இறங்கக் கூடாது, அதுக்குன்னு ஒதுக்கின இடங்களைத் தவிர. காலை 6 மணிக்கு வாசல் திறந்ததும் போயிடணும். வெயில் ஏறினா மிருகம் நிழல்ல படுத்துடும். சாயங்காலம் மறுபடியும் வரும். செப்டம்பர் காய்ந்த காலத்தின் கடைசி என்பதால புல் குட்டையா இருக்கும், மிருகமும் தண்ணி தேடி வரும். காலையில நல்ல குளிர். ஸ்வெட்டர் மறக்காதீங்க.

முதல் நாளே காண்டாமிருகம் பார்த்தோம். பேரன் முகம் வாடிப்போச்சு. கொம்பு இல்லை. 2024-ல் இந்தக் காட்டுல காண்டாமிருகங்களுக்குக் கொம்பை வெட்டிவிட ஆரம்பிச்சாங்க. மயக்க ஊசி போட்டு, நகம் வெட்டுற மாதிரி. கொம்பும் நகமும் ஒரே பொருள்தான். திரும்பவும் வளரும். கொம்பு இருந்தா திருடனுங்க மிருகத்தையே கொன்னுடறாங்க. நூறு வருஷத்துக்கு முன்னால தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் உலகத்துல இந்த ஒரு பகுதியில மட்டும்தான், நூறுக்கும் குறைவா மிஞ்சி இருந்ததாம். 1960-களில் இங்கிருந்துதான் பிடிச்சு மற்ற காடுகளுக்கு அனுப்பிப் பெருக்கினாங்க. இதைச் சொன்னதும் பேரன், "கொம்பு இல்லாட்டியும் பரவாயில்ல தாத்தா, உயிரோட இருக்குல்ல"ன்னான். அந்தக் கொம்பு மருந்துன்னு விற்கிற ஊருங்க நம்ம ஆசியாவுலதான் இருக்கு. யாராவது மருந்துன்னு கொடுத்தா வாங்காதீங்க.

இரண்டு நாள் யானையே கண்ணுல படல. மூணாவது நாள் சாயங்காலம், நாங்களே மனசை விட்டுட்டுத் திரும்புற நேரம், வளைவுல மகன் பிரேக் போட்டான். ஒரு பெரிய பெண் யானை ரோட்டுல நின்னது. இன்ஜினை அணைச்சோம். அது எங்களைப் பார்த்துச்சு. பிறகு மெதுவா ரோட்டைத் தாண்டுச்சு. அது பின்னால பதினொரு யானை. கடைசியில ஒரு குட்டி மேடு ஏற முடியாம தடுமாறினப்போ, முன்னால போன பெரியது நின்னு திரும்பிப் பார்த்துச்சு. குட்டி ஏறின பிறகுதான் மொத்தக் கூட்டமும் நகர்ந்தது. யானைக் கூட்டத்துக்கு வயசான பெண் யானைதான் தலைவின்னு முன்னாடியே படிச்சுக் காட்டியிருந்தோம்.

வண்டிக்குள்ள யாரும் பேசல. பேத்தி கூட வாயைத் திறக்கல. அம்மா கை கூப்பி இருந்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, "பார்த்தியாய்யா, கிழவியை முன்னால விட்டுத்தான் போகுதுங்க"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எங்களுக்குத்தான் அந்தக் கிளினிக் வாசல் ஞாபகம் வந்துடுச்சு. மகன் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி கீழே குனிஞ்சுட்டான்.

சிங்கம் பார்க்கல. சிறுத்தையும் பார்க்கல. அது நம்ம கையில இல்லை. காசு கொடுத்தோமேன்னு மிருகம் வந்து நிக்காது.

திரும்பும்போது டர்பனுக்கு முன்னால மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1860 நவம்பர் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையில இருந்து முதல் கூலிக் கூட்டத்தை டர்பன்ல இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்கு. நம்ம முன்னோர் ரப்பருக்கு வந்த மாதிரியே. அவங்க பிள்ளைங்க கட்டிக் காப்பாத்துற கோயில் அது. அங்க ஒரு வயசான அம்மா விளக்கு துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. தமிழ் பேச வரல. இங்கிலீஷ்தான். ஆனா அவங்களும் புரட்டாசி விரதம். மாசம் முழுக்க வீட்டுல கவுச்சி இல்லைன்னு சொன்னாங்க. எங்கள் அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. இரண்டு பேரும் பக்கத்துல உட்கார்ந்து ஆளுக்கு ஒரு துணியை எடுத்து விளக்கு துடைச்சாங்க. அரை மணி நேரம். பேச்சே இல்லை. கிளம்பும்போது அந்த அம்மா எங்கள் அம்மா நெத்தியில திருநீறு வச்சு விட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதல்ல செஞ்ச வேலை, எடுத்து வச்சிருந்த அந்தக் காலண்டர் படத்தைப் பழைய இடத்துல ஒட்டினது.

சொந்தங்களே, ஆப்பிரிக்கா போகணும்னு யாருக்கும் சொல்ல வரல. கேமரனுக்குப் போனாலும் சரி, காசிக்குப் போனாலும் சரி, திட்டம் போடும்போது வீட்டுல நடக்க முடியாதவங்க யாரு, சின்னது யாருன்னு முதல்ல எழுதுங்க. அவங்களுக்கு ஒத்து வர்ற இடத்தை அப்புறம் தேடுங்க. நாங்கள் தலைகீழா செஞ்சு 2,000 வெள்ளி கட்டினோம்.

கேள்விகள் எழுதின அந்தத் தாளும் செலவுக் கணக்கும் எங்ககிட்ட இருக்கு. வேணும்னா வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வாங்க, சமையல் கொட்டகையில இருப்போம். காய் நறுக்க ஆள் குறைவு. கத்தியைப் பிடிச்சுக்கிட்டே பேசலாம்.

எல்லாருக்கும் அம்மன் துணை.